பாட்டரியைப் பழிக்குமுன்

மோட்டார் சைக்கிள் விடியற்காலையில் கிளம்ப மறுத்தால், "பாட்டரி போய்விட்டது" என்று சொல்லிவிடுவது நம்மவர்க்கு வழக்கமாகிவிட்டது. கடைக்காரரும் அதை மறுப்பதில்லை. புதிய பாட்டரி ஒன்று வண்டியில் ஏறுகிறது. வண்டியும் உடனே கிளம்பிவிடுகிறது. நோய் தீர்ந்ததென்று நாமும் நிம்மதியடைகிறோம். ஆறு மாதமோ எட்டு மாதமோ சென்றபின், அதே விடியற்காலையில் அதே வண்டி மறுபடியும் மௌனம் சாதிக்கிறது. இவ்விதம் ஓராண்டுக்குள் இரண்டு பாட்டரி வாங்கி நஷ்டப்பட்ட அங்கத்தினர்கள் நமது வட்டாரத்தில் உண்டு. அவர்களில் பலருடைய வண்டிகளில் பாட்டரி குற்றவாளியன்று. வேறொன்றின் குற்றத்தால் அடிபட்டதே அது.

திருவண்ணாமலை என்றவுடன் வெளியூரார் அருணாசலத்தை நினைப்பர். நாம் சொல்வது ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்து, குன்றின்மேல் சீனிவாசப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் நமது திருவண்ணாமலையை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அவ்வூருக்கு வரும் கூட்டத்தை நினைவில் கொண்டுவந்தால், இன்று மோட்டார் சைக்கிளும் மொபெட்டும் எவ்வளவு பெருகியிருக்கின்றன என்பது விளங்கும். நூல் கட்டும் சேலைக் கட்டும் அவற்றின்மேல்தான் செல்கின்றன. பால் கேனும், தேங்காய்ச் சாக்கும், மாங்காய்க் கூடையும் அவற்றின்மேல்தான். காய்கறியை விடியுமுன் ராஜபாளையம் சந்தைக்குச் சேர்க்க வேண்டியவர் மூன்று மணிக்கே புறப்பட்டாக வேண்டும். திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில் அந்நேரத்தில் லாரிகள் ஓய்வதில்லை. பின்விளக்கு எரியாத வண்டி ஒன்று அச்சாலையில் சுமையோடு நின்றுவிட்டால் என்ன நேரும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. ஆகவே இது பாட்டரி விலையைப் பற்றிய விஷயம் மட்டுமன்று.

முன்னாளில் இக்கவலை இவ்வளவாக இருந்ததில்லை. 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 மொபெட்டை மூத்த அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். யந்திரம் சுழலும்போது உண்டாகும் மின்சாரம் நேரே விளக்குக்குப் போகும். வேகம் குறைந்தால் விளக்கு மங்கும், கூடினால் பிரகாசிக்கும். அதற்கு முந்திய புல்லட்டையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-இல் தொடங்கிய என்பீல்டு இந்தியா, சென்னைத் திருவொற்றியூரில் அவ்வண்டியைச் செய்தது. அதன் முன்விளக்குத் தலைமேல் ஆம்பியர் மீட்டர் ஒன்று பதித்திருக்கும். முள் நடுவிலிருந்து ஒரு பக்கம் சாய்ந்தால் பாட்டரிக்கு மின்சாரம் ஏறுகிறது. மறுபக்கம் சாய்ந்தால் இறங்குகிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஓட்டியும் அந்த முள்ளைப் பார்த்தே வண்டியின் நாடியைச் சொல்லிவிடுவார். இன்றைய வண்டிகளில் பெரும்பாலானவற்றில் அம்முள் இல்லை. எத்தனையோ அலங்காரங்களைச் சேர்த்தவர்கள் அதை எடுத்துவிட்டது ஏன் என்பது இவ்வெழுத்தாளனுக்கு இன்னும் விளங்கவில்லை.

முள் போனது ஒருபுறமிருக்க, பாட்டரியின் பாரமும் கூடியிருக்கிறது. 2017 ஏப்ரல் முதல் புதிய இரு சக்கர வண்டிகளில் முன்விளக்கு பகலிலும் தானாகவே எரிய வேண்டுமென்பது சட்டம். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகைக் கட்டுப்பாடு வந்தபின், கார்புரேட்டர் இருந்த இடத்தில் பெரும்பாலும் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் அமர்ந்துவிட்டது. பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், அவற்றை ஆளும் கம்ப்யூட்டர்ப் பெட்டி ஆகிய மூன்றும் மின்சாரத்தையே நம்பியிருக்கின்றன. பழைய வண்டியில் பாட்டரி செத்தாலும் உதைத்துக் கிளப்பி வீடு வந்து சேரலாம். புதியவற்றில் பலவற்றிற்கு அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

கண்மாயும் வரத்துக் காலும்

மின்னேற்றம் நடைபெறும் விதத்தை அறிந்துகொண்டாலொழியக் கோளாறு எங்கே என்பதைத் தேட இயலாது. அது நமக்குப் புதிய விஷயமன்று. பாட்டரியை ஒரு கண்மாயாகக் கொள்ளுங்கள். வீட்டுக்கும் வயலுக்கும் தண்ணீர் கொடுப்பது கண்மாய். ஆனால் கண்மாய் தானாகத் தண்ணீரை உண்டாக்குவதில்லை. மலையிலிருந்து வரத்துக் கால் வந்து நிரப்பினால்தான் அதில் நீர் நிற்கும். வரத்துக் கால் தூர்ந்து கிடக்கையில் கண்மாயை வெட்டி ஆழப்படுத்திப் பயனென்ன?

மோட்டார் சைக்கிளில் அந்த மலை, யந்திரத்தின் பக்கவாட்டு மூடிக்குள் இருக்கிறது. காந்தங்கள் பதித்த வட்டச் சக்கரம் ஒன்று யந்திரத்தோடு சேர்ந்து சுழல, அதனுள்ளே அசையாமல் நிற்கும் செப்புக் கம்பிச் சுருள்களில் மின்சாரம் பிறக்கிறது. மெக்கானிக்குகள் இதைக் காயில் பிளேட் என்பர். காந்தம் அசைந்தால் கம்பியில் மின்சாரம் ஓடும் என்பதை மைக்கேல் பாரடே 1831-இல் காட்டினார். இன்றுவரை அடிப்படை அதுவே. இங்கே பிறக்கும் மின்சாரம் ஒரு திசையில் ஓடுவதில்லை. தறியில் நாடா வலமும் இடமுமாகப் போய் வருவதுபோல முன்னும் பின்னும் ஓடுகிறது. இதையே ஏ.சி. என்கிறோம். பாட்டரிக்கு வேண்டியதோ ஒரே திசையில் ஓடும் டி.சி. நாடா இருபுறமும் ஓடினாலும் துணி ஒரு பக்கமாகவே உருளையில் சுருள்கிறதல்லவா? அவ்விதம் ஒரு பக்கமாகத் திருப்பிவிடும் வேலை ரெக்டிபயருடையது.

யந்திர வேகம் கூடக்கூட மின்சாரமும் கூடுகிறது. அத்தனையும் பாட்டரிக்குப் போனால் அது கொதித்துக் கெட்டுவிடும். ஆகையால் ரெகுலேட்டர் என்ற உறுப்பு அளவை மிஞ்சாதபடி காக்கிறது. பல வண்டிகளில் அது, கண்மாய் நிறைந்தபின் மிச்ச நீரைக் கலுங்கு வழியே வெளியேற்றுவதுபோல, மிச்ச மின்சாரத்தைக் காயிலுக்கே திருப்பிச் சுற்றவிட்டு வெப்பமாக்கிவிடுகிறது. ரெக்டிபயரும் ரெகுலேட்டரும் இந்நாளில் ஒரே அலுமினியப் பெட்டிக்குள் அடங்கியிருக்கின்றன. அதன் முதுகில் வரிவரியாகத் தகடுகள் நிற்பது அவ்வெப்பம் காற்றில் போவதற்காகவே. அத்தகடுகளுக்கிடையே சேறும் பஞ்சுத் தூசியும் அப்பிக்கிடந்தால் பெட்டி வெந்து போகும். மில் பக்கமும் தறிக்கூடப் பக்கமும் வண்டி நிறுத்துவோர் மாதம் ஒருமுறை பழைய பிரஷ்ஷால் அதைத் துடைத்துவிடுதல் நலம்.

காயில், ரெகுலேட்டர்-ரெக்டிபயர், பாட்டரி. இவற்றை இணைக்கும் வயர்களும் கப்ளர்களும் பியூஸும் எர்த்தும். சங்கிலி இவ்வளவே. எந்தக் கண்ணி அற்றாலும் ஓட்டிக்குத் தெரிவது, "பாட்டரி இறங்கிவிட்டது" என்ற ஒன்றுதான்.

மூன்று அளவுகள்

இதற்கு வேண்டிய கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றே. அதன் முள்ளை டி.சி. வோல்ட் 20 என்ற இடத்தில் திருப்பி, சிவப்புக் கம்பியைப் பாட்டரியின் கூட்டல் முனையிலும் கறுப்பைக் கழித்தல் முனையிலும் வைக்க வேண்டும். ஒரு ஜாக்கிரதை: சிவப்புக் கம்பி ஆம்பியர் துளையில் செருகியிருக்கையில் மீட்டரைப் பாட்டரியின் இரு முனைகளிலும் வைக்கவே கூடாது. மீட்டரின் பியூஸ் எரியும். மலிவான மீட்டரானால் மீட்டரே எரியும்.

முதல் அளவு, வண்டி ஓடாமல் சில மணி நேரம் நின்றபின் எடுப்பது. இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் சாவி போடுமுன் அளப்பது மிகவும் உத்தமம். 12 வோல்ட் பாட்டரி நிறைந்திருந்தால் 12.6 முதல் 12.8 வரை காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே இறங்கிவிட்டால் காலி என்றே கொள்ளலாம். 10.5-ஐச் சுற்றி நின்று, சார்ஜ் செய்தாலும் ஏறாவிட்டால், உள்ளேயுள்ள ஆறு அறைகளில் ஒன்று செத்திருக்கும். அப்போது பாட்டரியைத்தான் மாற்ற வேண்டும்.

இரண்டாம் அளவு, செல்ப் ஸ்டார்ட்டரை அழுத்தும்போது எடுப்பது. எண் சடக்கென்று இறங்கும், அது இயல்பு. 10 வோல்ட்டுக்குச் சற்று மேலோ அதனருகிலோ நின்றால் குற்றமில்லை. நிறைந்ததாகத் தோன்றிய பாட்டரி இப்பரீட்சையில் எட்டுக்கும் ஏழுக்கும் விழுமாயின், அதனுள்ளே சரக்கில்லை. மேலே ஓரடி நீர் மினுக்க, அடியில் வண்டல் நிறைந்த கண்மாய் அது.

மூன்றாம் அளவே உயிரானது. யந்திரத்தைக் கிளப்பி, முன்விளக்கு எரிய, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகி, சாலையில் மிதமாக ஓடும்போதுள்ள வேகத்தில் வைத்து அளக்க வேண்டும். எண் ஏறி 13.8 முதல் 14.5 வரை நின்றால் வரத்துக் கால் ஓடுகிறது. கிளப்புமுன் இருந்த எண்ணிலேயே நின்றாலோ, மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வந்தாலோ மின்னேற்றமே இல்லை. 15-ஐத் தாண்டினால் அளவுக்கு மிஞ்சி ஏறுகிறது. ஐடிலிங்கில் சிறிய வண்டிகள் 13-ஐ எட்டாமல் நிற்கலாம். அதைக் கண்டு கலங்க வேண்டாம்.

இம்மூன்று எண்களையும் எடுக்க ஐந்து நிமிஷம் போதும். இவற்றை எடுக்காமல் புதுப் பாட்டரி வாங்குகிறவர், விலாசம் பாராமல் தபாலைப் பெட்டியில் போடுகிறவரே.

மின்னேற்றமில்லாதபோது

மூன்றாம் அளவு ஏறாவிட்டால் உடனே காயிலைக் கழற்றச் சொல்ல வேண்டாம். முதலில் கண்ணால் பாருங்கள். பாட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறதா? எர்த் வயர் சட்டத்தோடு சேருமிடத்தில் துரு ஏறியிருக்கிறதா? சார்ஜ் வழியிலுள்ள பியூஸ் அறுந்திருக்கிறதா? அறுந்த பியூஸுக்குப் பதிலாகச் செப்புக் கம்பியையோ சிகரெட் பெட்டிக் காகிதத்தையோ சுற்றும் கெட்ட வழக்கம் நம்மிடையே உண்டு. பியூஸ் அறுவது வயரிங் முழுவதும் எரியாமலிருக்கவே; அதை ஏமாற்றினால் நெருப்பைத்தான் அழைக்கிறோம்.

பிறகு கப்ளர்களைப் பிரித்துப் பாருங்கள். ரெகுலேட்டரிலிருந்து வரும் கப்ளர் பழுப்பேறியோ உருகியோ இருந்தால் பாதிக் கோளாறு அங்கேயே அகப்பட்டுவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் உட்புகுகிறது. பித்தளை முனை பச்சை பூக்கிறது. பூத்த இடத்தில் மின்தடை உண்டாகிறது. தடையுள்ள இடத்தில் பெருமின்சாரம் ஓடும்போது சூடேறுகிறது. சூட்டினால் முனை மேலும் தளர்கிறது. இப்படியே ஒன்றையொன்று வளர்த்து ஒருநாள் கப்ளர் கருகுகிறது.

தெரிந்த அங்கத்தினர் ஒருவரின் வண்டி இதற்கு நல்ல உதாரணம். சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகும் வண்டி அது. ஓராண்டில் இரண்டு பாட்டரி மாற்றியாயிற்று. மூன்றாவதற்குப் பணம் எடுத்துக்கொண்டு கிளம்பியவரை நிறுத்தி அளந்து பார்த்தோம். யந்திரம் ஓடுகையில் பாட்டரி முனையில் 12.1. அதே நேரத்தில் சிவப்புக் கம்பியை ரெகுலேட்டரின் வெளிவரும் வயரில் வைத்தால் 14.3. ரெகுலேட்டர் நன்றாகவே கொடுத்துக்கொண்டிருந்தது. பாட்டரியும் வாங்கத் தயாராகவே இருந்தது. இடையில் 2.2 வோல்ட் எங்கே போயிற்று? சீட்டுக்கு அடியில் ஒரு கப்ளர், பழுத்த நார்த்தங்காய் நிறத்தில் உருகிக் கிடந்தது. புது முனைகளைச் செருகி நன்றாக இறுக்கியபின் பாட்டரி முனையிலேயே 14.2 வந்தது. செலவு ஒரு டீக்கடைக் கணக்குக்குமேல் போகவில்லை. அவர் முகத்தில் மகிழ்ச்சியைவிட, போன இரண்டு பாட்டரிகளைப் பற்றிய வருத்தமே அதிகமாகத் தெரிந்தது.

இந்தப் பரீட்சையை எவரும் செய்யலாம். யந்திரம் ஓடும்போது மீட்டரின் ஒரு கம்பியை ரெகுலேட்டரின் கூட்டல் வயரிலும் மற்றொன்றைப் பாட்டரியின் கூட்டல் முனையிலும் வைத்தால், நடுவழியில் எவ்வளவு இழப்பு என்பது நேராகவே தெரிந்துவிடும். 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவ்வழியில் எங்கோ இணைப்பு கெட்டிருக்கிறது. எர்த் பக்கத்தையும், ரெகுலேட்டர் உடலுக்கும் பாட்டரிக் கழித்தல் முனைக்கும் இடையே, அவ்வாறே அளக்க வேண்டும். எர்த்தை மறப்பவர்களே அதிகம்.

வழி சுத்தமாக இருந்தும் மின்னேற்றமில்லையாயின் காயிலுக்கு வர வேண்டும். காயிலிலிருந்து ரெகுலேட்டருக்குச் செல்லும் கப்ளரைக் கழற்றுங்கள். பெரிய வண்டிகளில் பெரும்பாலும் ஒரே நிறத்தில், பல கம்பெனிகளில் மஞ்சளில், மூன்று வயர்கள் இருக்கும். மீட்டரை ஓம் அளவில் வைத்து, முதலில் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டர்க் கம்பியின் சொந்தத் தடை அது, பின்னால் கழிக்க வேண்டும். பிறகு மஞ்சள் வயர்களை இரண்டிரண்டாக அளந்தால் மூன்று ஜோடியும் ஒரே மாதிரியான சிறிய எண்ணைக் காட்ட வேண்டும். பெரும்பாலும் ஒரு ஓமுக்கு உட்பட்டே இருக்கும். ஒரு ஜோடி வேறுபட்டால் சுருள் அறுந்திருக்கிறது அல்லது உள்ளுக்குள் ஒட்டியிருக்கிறது. அடுத்து, ஒவ்வொரு மஞ்சள் வயருக்கும் யந்திர உடலுக்கும் இடையே அளந்தால் தொடர்பே இருக்கலாகாது. இருந்தால் சுருளின் பூச்சு வெந்து உலோகத்தில் தொட்டுக்கொண்டிருக்கிறது. சில சிறிய வண்டிகளிலும் மொபெட்டுகளிலும் சுருளின் ஒரு முனையைக் கம்பெனியாரே எர்த்தில் சேர்த்திருப்பர் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். அவற்றுக்கு இவ்விதி பொருந்தாது.

கப்ளர் கழன்றபடியே இருக்க, மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றி, யந்திரத்தைக் கிளப்பி மறுபடியும் இரண்டிரண்டாக அளக்க வேண்டும். வேகம் கூட்டக் கூட்ட எண்ணும் சீராக ஏற வேண்டும். மூன்று வயர் வண்டிகள் பலவற்றில் நல்ல வேகத்தில் 50 வோல்ட்டைத் தாண்டும். ஆகவே வயர் முனையை விரலால் தொட வேண்டாம். மூன்று ஜோடியும் ஒத்திருப்பதே முக்கியம். எண் எவ்வளவு என்பது ஒவ்வொரு வண்டியின் புஸ்தகத்திலும் குறித்திருக்கும்.

காயில் நல்லது, வழியும் நல்லது, பாட்டரிக்கு மட்டும் வருவதில்லை என்றால் மிஞ்சுவது ரெகுலேட்டர்-ரெக்டிபயர் பெட்டி ஒன்றே. மீட்டரில் டயோட் என்ற இடத்தில் வைத்து, மின்சாரம் ஒரு பக்கம் மட்டும் செல்கிறதா என்று பார்க்கலாம். இரு பக்கமும் சென்றாலும், ஒரு பக்கமும் செல்லாவிட்டாலும் பெட்டி கெட்டதே. ஆனால் இப்பரீட்சையில் தேறிய பெட்டியும் சில சமயம் வேலையில் தோற்றுவிடும். சூடேறியபின் மட்டும் கெடுகின்றவை உண்டு. சந்தேகம் தீர, அதே மாதிரி வண்டியிலிருந்து நல்ல பெட்டியைக் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதே உறுதியான வழி. கூட்டுறவாளர்களுக்கு இதில் சிரமமிருக்காது. உள்ளே ஒட்டிக்கொண்ட பெட்டி நல்ல காயிலையும் எரித்துவிடக்கூடும். ஆகையால் எரிந்த காயிலை மாற்றுகிறவர் பெட்டியையும் பரீட்சிக்காமல் விடலாகாது.

மிகையும் கசிவும்

மின்சாரம் குறைந்தால்தான் கெடுதி என்பதில்லை. மூன்றாம் அளவு 15-ஐத் தாண்டும் வண்டியில் பல்புகள் அடிக்கடி பியூஸ் ஆகும்; பாட்டரியில் தண்ணீர் வாரந்தோறும் வற்றும்; அழுகிய முட்டை நாற்றம் வரும்; மூடிய பாட்டரியானால் வயிறு உப்பும். பல்பை மாற்றிக்கொண்டேயிருப்பதில் பயனில்லை. ரெகுலேட்டரையும் அதன் எர்த்தையும் பார்க்க வேண்டும். உப்பிய பாட்டரியை மறுபடி சார்ஜ் செய்யத் துணிய வேண்டாம்.

மூன்று அளவும் சரியாக இருந்து, பத்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் மட்டும் வண்டி கிளம்பாது என்போர் உண்டு. அங்கே எங்கோ கசிவு இருக்கிறது. சாவியை எடுத்துவிட்டு, பாட்டரியின் கழித்தல் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் முனைக்கும் நடுவே மீட்டரை ஆம்பியர் அளவில் இணைத்துப் பாருங்கள். அவ்வேளையில் சாவியைத் திருப்பவோ ஸ்டார்ட்டரை அழுத்தவோ கூடாது. கடிகாரத்துக்கும் கம்ப்யூட்டருக்குமாகச் சில மில்லி ஆம்பியர் காட்டலாம். 20 மில்லி ஆம்பியர் காட்டினால் கணக்கிட்டுப் பாருங்கள்: நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை ஆம்பியர்-மணி, 5 ஆம்பியர்-மணி பாட்டரி பத்தே நாளில் வறண்டுவிடும். அப்போது பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்தால், எதை எடுக்கையில் எண் விழுகிறதோ அந்த வழியில் கசிவு. பிற்பாடு பொருத்திய செல்போன் சார்ஜரும் திருட்டு அலாரமும்தான் பெரும்பாலும் பிடிபடும்.

கசிவுமில்லை, கோளாறுமில்லை, ஆனாலும் பாட்டரி இறங்குகிறதென்றால் நமது உபயோகத்தையே பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து பால் சங்கத்துக்கு இரண்டு கிலோமீட்டர், அங்கே நிறுத்தி மறுபடி செல்ப், அங்கிருந்து தோட்டத்துக்கு ஒரு கிலோமீட்டர், மறுபடி செல்ப். ஸ்டார்ட்டர் 60 ஆம்பியர் இழுப்பதாகக் கொண்டால், பத்து விநாடி அழுத்தினால் செலவாவதை ஒரு ஆம்பியர் நிகர வரவில் ஈடுசெய்யப் பத்து நிமிஷ ஓட்டம் வேண்டும். நாமோ ஐந்து நிமிஷத்தில் இறங்கிவிடுகிறோம். உதைக்கும் வசதியுள்ள வண்டியில் காலையில் முதல் கிளப்பை உதைத்தே செய்தால் பாட்டரிக்கு ஆயுள் கூடும். 35 வாட் முன்விளக்கே ஏறக்குறைய 3 ஆம்பியர் எடுக்கிறது. அதன்மேல் 20 வாட் மூடுபனி விளக்கு இரண்டை மாட்டினால் இன்னும் 3 ஆம்பியருக்கு மேல். வரத்து அதே, மடை மட்டும் கூடுகிறது. கோவில் திருவிழாவுக்குப் போட்ட சீரியல் விளக்கைக் கழற்றாமல் வருஷம் முழுவதும் ஓட்டும் இளைஞர்களைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை.

சில ஜாக்கிரதைகள்

யந்திரம் ஓடும்போது பாட்டரி வயரைக் கழற்றி, "வண்டி நிற்கவில்லை, ஆகவே சார்ஜ் இருக்கிறது" என்று காட்டும் பரீட்சை பழைய நாளிலிருந்து வழங்கி வருகிறது. இன்றைய வண்டியில் அது ஆபத்து. பாட்டரி என்ற தாங்கல் விலகியவுடன் வோல்ட்டேஜ் துள்ளி, கம்ப்யூட்டர்ப் பெட்டியைத் தீர்த்துவிடக்கூடும். அப்படிச் செய்ய வருபவரைக் கையைப் பிடித்தாவது நிறுத்த வேண்டும்.

பாட்டரியைக் கழற்றும்போது கழித்தல் முனையை முதலில். மாட்டும்போது அதைக் கடைசியில். சார்ஜ் ஆகும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வருவதால் அருகே பீடி, தீக்குச்சி வேண்டாம். தண்ணீர் ஊற்றும் வகைப் பாட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும்; கிணற்று நீரும் கூடாது, ஆசிட்டும் கூடாது. வற்றுவது தண்ணீரே, ஆசிட் உள்ளேயே இருக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் பதினைந்து நாளைக்கொருமுறை மட்டத்தைப் பார்ப்பது நல்லது. காலியான பாட்டரியை அப்படியே வைத்திருந்தால் ஈயத் தகட்டின்மேல் சல்பேட் உப்பு கெட்டியாகப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய பலம் திரும்பாது. காஸ்டன் பிளாண்டே 1859-இல் ஈயப் பாட்டரியைச் செய்த நாள் முதல் இக்குணம் அதைவிட்டுப் போகவில்லை. ஆகையால் கோளாறைச் சரிசெய்த அன்றே பாட்டரியையும் வெளியில் சார்ஜ் செய்துவிட வேண்டும். சார்ஜ் கொடுக்கும் அளவு, கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு. 5 ஆம்பியர்-மணிக்கு அரை ஆம்பியர். லாரிப் பாட்டரிக்குரிய சார்ஜரில் ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

மெய்யாகவே ஆயுள் முடிந்த பாட்டரியும் உண்டு. மூன்று நான்கு வருஷம் உழைத்த ஒன்றைப் பற்றிக் குறைகூற இடமில்லை. அதைப் பழைய இரும்புக்காரரிடம் போடாமல், புதியது வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுத்துக் கழிவு பெறுங்கள். உள்ளேயிருக்கும் ஈயமும் ஆசிட்டும் கிணற்று நீருக்கு விஷம். பழையதைத் திரும்பப் பெற்று முறைப்படி அழிக்கும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகள் உற்பத்தியாளர்மீது சுமத்தியிருக்கின்றன.

சங்கங்களுக்கு ஒரு யோசனை. ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் மல்டிமீட்டர் ஒன்றும் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் வைக்கலாம். அங்கத்தினர் வண்டி நன்றாக ஓடுகிற நாளிலேயே வந்து, வண்டி எண், தேதி, மூன்று அளவுகள் ஆகியவற்றைக் குறித்துவிட்டுப் போகட்டும். கோளாறு வந்த நாளில் பழைய எண்ணோடு ஒப்பிட்டால் எது மாறியது என்பது அப்போதே தெரியும். நோட்டின் முதல் பக்கத்தில், சிவப்புக் கம்பி எந்தத் துளையில் இருக்க வேண்டும் என்பதைப் படம் போட்டு ஒட்டிவிடுவது அவசியம். இல்லாவிட்டால் முதல் வாரத்திலேயே மீட்டரின் பியூஸ் போய்விடும்.